டிப்பிக்கல் போதும்

“சாதிக் அண்ணே, உங்களுக்கு என் மேல அப்படி என்னதான் கோவம்?”

ஷர்மினி இதைக் கேட்டது பாயான் லெப்பாஸ் ஆபீசின் மீட்டிங் அறையில், மொத்த டீமுக்கும் முன்னால். சாதிக் தலையைச் சொறிந்துகொண்டார்.

“கோவமெல்லாம் இல்லம்மா. ஃபாஸ்ட் மாடலையும் ஒரு தடவ ஓட்டிப் பாத்துரலாம்னுதான் சொல்றேன்.”

விஷயம் இதுதான். சிப் செய்கிற கம்பெனி, சிப்புக்குள் என்ன இருக்கிறது என்று யாருக்கும் திறந்து காட்டாது. அதிலிருந்து சிக்னல் எப்படி வெளியே வரும் என்பதை மட்டும் ஒரு மாடலாகக் கொடுக்கும். அதிலும் மூன்று உண்டு. சாதாரண சிப்புக்கு டிப்பிக்கல், மந்தமானதற்கு ஸ்லோ, துடுக்கானதற்கு ஃபாஸ்ட். சிப்புகளைப் பொருத்தும் சர்க்யூட் போர்டைச் செய்வதற்கு முன்பே இவற்றைக் கம்ப்யூட்டரில் ஓட்டி, சிக்னல் கெடாமல் போய்ச் சேருமா என்று பார்த்துவிடலாம். அவசரக்காரர்கள் டிப்பிக்கலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஷர்மினிக்கு அவசரம்.

“டிப்பிக்கல்ல சிக்னல் சுத்தமா வருது அண்ணே. அது போதும் லா. அடுத்த வாரம் போர்டு ஃபேக்டரிக்குப் போகணும்.”

“வர்ற சிப்பெல்லாம் டிப்பிக்கலாவே வரும்னு யாரும்மா சொன்னது?”

“நான் டீம் லீடா ஆனதிலேர்ந்து நீங்க எதுக்கெடுத்தாலும் நொட்டை சொல்லிக்கிட்டுத்தான் இருக்கீங்க.”

லீட் பதவி சாதிக்குக்குத்தான் வரும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவருக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த ஷர்மினிக்கு வந்தது. மனுஷனுக்கு வயிற்றெரிச்சல் இருக்காதா என்ன? அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் மனசுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டார்கள்.

அன்று மாலையே ஷர்மினி மேனேஜர் தயாளனிடம் போய் நின்றாள்.

“போஸ், இது என் முதல் போர்டு. அவரு இருந்தா வேலை நகராது.”

சாதிக்கைப் பழைய போர்டுகளுக்கு ரிப்போர்ட் எழுதும் வேலைக்கு மாற்றினார்கள். அவர் சண்டை போடவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், ஜுருவில் வேறு வேலை தேடிக்கொண்டு, ராஜினாமா கொடுத்தார்.

ஷர்மினியின் போர்டு ஃபேக்டரிக்குப் போகும் முன், அதை வரைந்துகொண்டிருந்த நஜ்வா தயங்கித் தயங்கி வந்தாள்.

“அக்கா, சிப் பக்கத்துல எடம் இருக்கு. ஒவ்வொரு சிக்னல் வழியிலயும், சிக்னல் எகிறாம அடக்க சின்னதா ஒரு ரெசிஸ்டர் வச்சிரலாமா? ஒரு சேஃப்டிக்கு.”

“நல்ல ஐடியா லா! இப்படி உதவியா பேசணும். நொட்டை சொல்ல யாருக்குத்தான் தெரியாது?”

செய்து முடித்த போர்டு லேபுக்கு வந்த நாளும் சாதிக்கின் கடைசி நாளும் ஒன்றாக அமைந்துவிட்டன. திரையில் சிக்னல் ஒரு பிசிறு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு கடைசியாக லேபுக்கு வந்தார் சாதிக்.

“பாத்தீங்களா அண்ணே? டிப்பிக்கல் போதும்னு சொன்னேன்ல?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சாதிக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, குனிந்து திரையைப் பார்த்தார்.

“ரொம்ப அழகா வந்திருக்கும்மா. சந்தோஷம். அப்ப நான் வர்றேன்.”

ஷர்மினி தலையை மட்டும் ஆட்டினாள். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அவர் போன கொஞ்ச நேரத்தில் தயாளன் வந்தார். போர்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எல்லாம் நல்லாதானே ஓடுது? இத்தன ரெசிஸ்டர் எதுக்கு? அடுத்த தடவ எடுத்துரலாமா?”

“எடுத்துரலாம் போஸ். சும்மா சேஃப்டிக்கு வச்சதுதான். இப்பவே ஒண்ணக் கழட்டிக் காட்டுறேன்.”

அவளே ஒரு ரெசிஸ்டரைக் கழற்றி, அந்த இடத்தை ஈயம் வைத்து இணைத்தாள். போர்டை மறுபடி ஓடவிட்டாள்.

திரையில் சிக்னல் எகிறிக் குதித்தது. நிலைக்கு வர முடியாமல் நடுங்கியது. போர்டு அப்படியே நின்றுபோனது. வந்திருந்த சிப்புகள் துடுக்கான ரகம்.

ஷர்மினி அவசரமாக பவரை அணைத்தாள்.

“நல்லவேளை,” என்றார் தயாளன். “ரெசிஸ்டர் மட்டும் இல்லேன்னா செஞ்ச போர்டு எல்லாம் குப்பைக்குத்தான் போயிருக்கும். நஜ்வா, கெட்டிக்காரப் பொண்ணு நீ!”

நஜ்வா அழுதுவிட்டாள்.

“நான் இல்ல போஸ். சாதிக் அண்ணே. வேற வேலைக்கு மாத்துனதுக்கு அப்புறமும் சாப்பாட்டு நேரத்துல உக்காந்து ஃபாஸ்ட் மாடல ஓட்டிப் பாத்தாரு. எந்த ரெசிஸ்டர், எங்க வைக்கணும்னு அவருதான் எங்கிட்ட சொன்னாரு.”

ஷர்மினி படியிறங்கிக் கார்கள் நிற்கும் இடத்துக்கு ஓடினாள். அவர் கார் இல்லை. போன் அடித்தாள். எடுக்கவில்லை, பாலத்தில் ஓட்டிக்கொண்டிருப்பார். அத்தனை பேர் முன்னால் அவரைச் சொன்னதை நினைக்க நினைக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, போகிற மனுஷனுக்கு எழுந்து நின்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்பதுதான் அதிகம் உறுத்தியது.

திரும்பி வந்து நஜ்வாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அவரு சொன்னதுன்னு அன்னிக்கே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நஜ்வா?”

“சொல்லக் கூடாதுன்னுட்டாரு அக்கா. ‘ஷர்மினிக்கு இது முதல் போர்டு, நல்லா வரணும். என் பேரச் சொன்னா வேணாம்னுரும், நீ சொன்னதாவே இருக்கட்டும்’னாரு.”