ஊருக்குப் போகிறவர்

அற்புதமேரி டீச்சரின் பொம்மை ரயில் நிலையத்தில் இன்னும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் இடம் இருந்தது. அட்டைப்பெட்டியிலோ விரல் நகத்து உயரத்தில் இரண்டு பேர் மிச்சம். ஒருவர் கையில் சூட்கேஸ். மற்றவர் டாட்டா காட்டுகிற மாதிரி கையைத் தூக்கியபடி இருந்தார்.

"யாருக்கு ஓய் டாட்டா? அட்டைப்பெட்டிக்கா?" என்று சிரித்தார் சூட்கேஸ்காரர். "நான் ஊருக்குப் போறவன். பிளாட்பாரம் எனக்குத்தான்."

"எனக்கும் ரயில் பார்க்க ஆசை, அண்ணாச்சி," என்றார் கைக்காரர்.

டீச்சர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சூட்கேஸ்காரரின் காலில் பசை தடவி, பிளாட்பாரத்தில் அழுத்தி நிறுத்தினார்.

"பாத்தீரா?" என்றார் சூட்கேஸ்காரர்.

கைக்காரரைப் பெட்டிக்குள் வைத்து மூட டீச்சருக்கு மனம் வரவில்லை. ரயிலின் கடைசி வாசலில் அவரை ஒட்டிவிட்டு, விசையைத் தட்டினார்.

சூட்கேஸ்காரர் அவசரமாக ஏறப் பார்த்தார். பசை விடவில்லை.

"போய்ட்டு வரேன், அண்ணாச்சி!" என்று கத்தினார் கைக்காரர்.

"போய்ட்டு வாங்க," என்றார் சூட்கேஸ்காரர், மரியாதைக்கு.

தண்டவாளம் வட்டமானது. அரை நிமிடத்தில் ரயில் திரும்பி வந்தது.

"வந்துட்டேன், அண்ணாச்சி! போய்ட்டு வரேன்!"

"போய்ட்டு வாங்க."

இப்படியே ஆறு சுற்று. ஏழாவது தடவையும் அந்தக் கை உற்சாகமாகக் கடந்துபோனது.

"போய்ட்டு வரேன், அண்ணாச்சி!"

சூட்கேஸ்காரர் இந்த முறை, "போங்க," என்று மட்டும் சொன்னார்.