ஆயிலின் நிறம்

பழைய காரின் அடியில் அவள் மல்லாந்து கிடக்கிறாள். பாதி திறந்த ஷட்டருக்கு வெளியே மழை வெளிச்சம் சாம்பல் பூத்துக் கிடக்கிறது. பக்கத்தில் நாற்காலியில் கணவர் கைவிளக்கைப் பிடித்திருக்கிறார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருடைய இடதுகால் கிளட்ச் மிதிக்க உதவாது. அவரால் ஓட்ட முடிகிற வண்டி, இந்த ஆட்டோமேட்டிக் ஒன்றுதான். கடைசி போல்ட்டும் கழன்று, கியர்பாக்ஸ் ஜாக்கியின் மேல் அங்குலம் அங்குலமாக இறங்குகிறது. "என்னைத் தூக்கும்போது இவ்வளவு பதமா தூக்குறதில்லையே." "அது உங்களை மாதிரி வாயடிக்காதே, அதான்." அவர் சிரிக்கிறார். ஆயில் சிவப்பாக இருந்தால் கியர்பாக்ஸ் பிழைத்துக்கொள்ளும் என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். கியர்பாக்ஸ் பின்பக்கம் சாய, அடியில் வைத்த தட்டில் ஆயில் ஒழுகுகிறது. அடுப்புக்கரி போன்ற கறுப்பு. அதில் இரும்புத் தூள் மினுமினுக்கிறது. "என்ன நிறம்?" அவள் தட்டையே பார்க்கிறாள். "சிவப்புதாங்க." கருகிய வாடை அவளைத் தாண்டி மேலே போகிறது, நாற்காலி வரைக்கும். அவர் மூச்சை இழுப்பது கேட்கிறது. "நல்லதாப் போச்சு," என்கிறார். தட்டின் மேல் விழுந்த கைவிளக்கின் வெளிச்சம் மெல்ல மெல்லச் சுவர்ப்பக்கம் நகர்கிறது.