ஒரு சாண் சாய்வு

“நட்டமா நிக்கிற வீட்டைச் சாய்க்கணுமாம்ல! இதென்ன கூத்து பிரைட்டு?”

தூக்குக்குண்டை நூலோடு சுருட்டிக்கொண்டே பொருமினான் முனியசாமி. அமீரகத்து அல் ஐனில் ஸஹ்ரா மேடத்தின் தோட்டத்தில் அவனும் பிரைட்டும் சேர்ந்து எழுப்பிய வீடு அது. இங்கிலாந்துப் பக்கத்துப் பழங்கால வீடாம். கறுத்த மரச்சட்டங்கள், இடையிடையே வெள்ளைச் சுவர், மேலே திம்மென்று வைக்கோல் கூரை. மருந்துக்கும் ஓர் ஆணி கிடையாது, எல்லாம் மர முளைதான்.

மேடம் கொடுத்தது ஒரே ஒரு பழைய போட்டோ. ஓரமெல்லாம் கிழிந்து, கூரையும் கதவும் மட்டும்தான் தெரிந்தன. அதில் வீடு இடப்பக்கமாக ஒரு சாண் சாய்ந்திருந்தது. அஸ்திவாரம் இறங்கியிருக்கும் என்று முனியசாமியாகவே தீர்மானித்து, நேராக நிறுத்திவிட்டான். கோணல் வாசக்கால் வைத்த தச்சனை ஊரில் எவன் மதிப்பான்?

மேடம் வந்தார், பார்த்தார். “போட்டோவில் இருக்கிற மாதிரியே வேணும்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

“வேலை முடிஞ்சுது, கலாஸ்னு அவங்க சொன்னாத்தான் ஒமக்கு லீவு. பேசாம சாய்ச்சிருவோம், அண்ணே” என்றான் பிரைட்.

முனியசாமி உளியை எடுத்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு ஃப்ளைட். மனைவி நாகவள்ளி மாசமாக இருந்தபோது வந்தவன். மகளை இன்னும் கையால் தொட்டதில்லை. வீடியோ கால் போட்டால் அது போனை நக்கி நக்கி முத்தம் கொடுக்கிறது, பாவம்.

முளைகளைத் தட்டிக் கழற்றி, சட்டங்களின் முனைகளைச் சீவி, மறுபடி பொருத்தினார்கள். வியாழன் சாயங்காலம் வீடு ஒரு சாண் சாய்ந்து நின்றது.

ஸஹ்ரா போட்டோவை உயர்த்திப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. “கலாஸ். இதேதான்!”

போன உயிர் திரும்பி வந்தது முனியசாமிக்கு. ஆனாலும் வாய் சும்மா இருக்குமா? அரைகுறை இந்தியில் கேட்டே விட்டான். “மேடம், அந்த ஒரிஜினல் வீடு இன்னும் விழாமலா இருக்கு?”

“அது எங்கே சாய்ந்தது, பாய்? இன்னமும் நேராகத்தான் நிற்குது” என்று கண்ணைத் துடைத்தபடி சிரித்தார் ஸஹ்ரா. “என்னை ஒரு கையில் தூக்கி வச்சுக்கிட்டு, இன்னொரு கையால் எங்க பாபா எடுத்த போட்டோ இது!”