இசக்கிமுத்து விட்டுப்போன வரி

பிடரியில் தொடங்கிய வலி தோள்பட்டைக்கு இறங்கியிருந்தது. மூட்டை சுமந்தவள் மாதிரி.

காலையிலிருந்து அவள் நாற்காலியை விட்டு எழவில்லை.

போனில் மேனேஜர்.

"ஏம்மா, கஸ்டமர் கேக்குறாரு, யாரு சார் அந்த அக்கான்னு. நான் என்னத்தச் சொல்ல? இன்னைக்கே அந்த டெம்ப்ளேட்டைத் தூக்கிடு."

"சரிங்க சார்."

ஆர்டர் வந்தால் எந்த டெம்ப்ளேட் என்று ஏபிஐயிடம், சொன்னதைச் செய்யும் மென்பொருளிடம், ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். அந்த அச்சில் ஒரு கண்டெய்னர் பிறக்கும். உடம்பில்லாத கம்ப்யூட்டர்.

அவள் அப்பா செங்கல் அறுத்தவர். அச்சில் கீறல் இருந்தால் அத்தனை கல்லிலும் கீறல் விழும்.

இந்தக் கீறல் இசக்கிமுத்து போட்டது. பக்கத்து நாற்காலிக்காரன்.

அந்த ஞாயிறு அவளுடைய ஷிப்ட். மகளுக்குக் காய்ச்சல். அவளுக்குப் பதிலாக அவன் வந்தான்.

ஒரு கண்டெய்னரைத் தயார் செய்தான். திறந்ததும் கண்ணில் படுகிற இடத்தில் அவளுக்கென்று ஒரு வரி எழுதிவைத்தான். கிண்டலுக்குத்தான்.

கிளம்பும் அவசரத்தில் அதையே டெம்ப்ளேட் ஆக்கினான். வரியை அழிக்க மறந்துவிட்டான்.

திங்கள் காலை அவள் திறந்தாள். படித்தாள். சிரித்தாள்.

அதற்குப் பிறகுதான் சொன்னார்கள். ஞாயிறு சாயங்காலம், வீட்டுக்குப் போகும் வழியில், மணல் லாரி.

அன்றிலிருந்து அந்த எண்ணில் பிறந்த ஒவ்வொன்றும் கண் விழித்ததும் அதையே சொல்கிறது.

அக்கா, ஒரு ஞாயிறு பாக்கி. மறந்துராதீங்க.

டெம்ப்ளேட்டுகளைக் காட்டச் சொன்னாள். ஏபிஐ வரிசையாகக் காட்டியது. டெபியன். உபுண்டு. இரண்டும் யாரும் எதுவும் எழுதாத வெற்று அச்சுகள். கடைசியில் அவனுடையது.

உபுண்டுவின் எண்ணைக் கொடுத்தாள்.

ஒரு கண்டெய்னர் பிறந்தது. திறந்து பார்த்தாள்.

கறுப்புத் திரை. கர்சர் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது.

காத்திருந்தாள்.

ஒன்றும் வரவில்லை.

அவனுடையதை நீக்கச் சொன்னாள். உறுதியா என்றுகூட ஏபிஐ கேட்கவில்லை. நீக்கிவிட்டது.

வாட்ச்மேன் எட்டிப் பார்த்தார். "இந்த ஞாயித்துக்கிழமையும் வந்துட்டியாம்மா? லீவுதான உனக்கு?"

அவள் பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். உட்கார ஆளிருந்தால் எழுந்து போயிருப்பாள்.

இனி எதுவும் அவளிடம் கேட்காது.

இசக்கிமுத்துவுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை தர வேண்டும்.