கப்பல் நாள் சேலை

"இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு நீ வாசலைத் தாண்டினா, அப்புறம் உன்கூடப் பேசவே மாட்டேன்மா."

கதவை மறித்துக்கொண்டு நின்றாள் மகள் ப்ரியங்கா. உமா மகேஸ்வரி கண்ணாடி முன் மஞ்சள் சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். மஞ்சள் அவளுக்கு என்றைக்குமே பிடித்ததில்லை. ஆனால் அவருக்கு அதுதான் அடையாளம்.

இந்தக் காதல் திரும்பி வந்து மூன்று மாதம் ஆகிறது. முப்பத்தாறு வருடங்களுக்கு முன்னால், இரண்டு வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து வெட்டிவிட்ட முதல் காதல். தீவை விட்டுச் சென்னைக் கப்பலேறி ஓடிவிடலாம் என்று அன்றைக்குப் போட்ட திட்டம் நடக்கவில்லை. அதனாலோ என்னவோ, இப்போதும் கப்பல் வரும் நாளாகப் பார்த்துத்தான் அது தலைதூக்குகிறது.

போன் அடித்தது. ஆட்டோக்கார முத்துவீரன்.

"அக்கா, ஹேடோ ஹார்பர் கேட்ல வந்து நிக்கிறாரு. ஜல்தி வாங்க."

ப்ரியங்காவுக்குக் கோபம் பொங்கியது.

"அம்பத்தெட்டு வயசுல இந்தக் கூத்து தேவையாம்மா? அண்ணனும் மெயின்லேண்டுல இருந்து போன் போட்டுக் கத்துறான். பஸ், போதும்!"

"நான் போகலைன்னா அவரு பாட்டுக்கு எங்கேயாவது போயிடுவாரு. அப்புறம் நமக்குக் கிடைக்கவே மாட்டாரு."

"அப்பாவை ஒரு நிமிஷம் நெனச்சுப் பாத்தியா?"

"அவரை நெனச்சுத்தான் போறேன்."

ப்ரியங்கா அழுதுகொண்டே விலகினாள். உமாவுக்கு அழுகை வரவில்லை. முதல் மாதம் முடியாது என்றாள், சண்டை போட்டாள், அழுதாள். இப்போது பல் டாக்டர் ஊசி போட்ட ஈறு மாதிரி உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பக்கத்து வீட்டு வைஜெயந்தி, காய்ந்த துணியையே மறுபடியும் காயப்போட்டபடி எட்டிப் பார்த்தாள். டெய்ரி ஃபார்ம் தெருவுக்குச் சாயங்காலம் பேச விஷயம் கிடைத்தாயிற்று. உமா ஆட்டோவில் ஏறினாள்.

ஹேடோ கேட்டில் சிவஞானம் துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றிருந்தார். மஞ்சள் சேலையைக் கண்டதும் அவர் முகம் அப்படியே மலர்ந்தது. தன் கல்யாண ஆல்பத்தில்கூட உமா இப்படி ஒரு சிரிப்பைப் பார்த்ததில்லை.

"வந்துட்டியா! எங்க வராம போயிடுவியோன்னு பயந்துட்டேன்."

"வந்துட்டேன்ல. கப்பல் இன்னிக்குக் கிளம்பாதாம். வீட்டுக்குப் போலாம், வாங்க."

கையிலிருந்த துணிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு அவர் தயங்கினார். அதற்குள் இரண்டு தலையணை உறையும் டிவி ரிமோட்டும் இருந்தன. அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"வீட்டுல என் பொண்டாட்டி உமா இருப்பாளே, பானு! அவகிட்ட என்ன சொல்றது?"

உமா மகேஸ்வரி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவகிட்ட நான் பேசிக்கிறேன். வாங்க."