புகழ்பெற்ற அலறல்

மூக்கில் ரத்தம் எட்டிப் பார்த்ததும் அண்ணன் கையை இறக்கினான். “இப்பப் பாடு” என்றான்.

தம்பி சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மைக் முன்னால் போய் நின்றான். அந்தப் பாட்டைப் பாடுவது இது பதினேழாவது முறை. காலையிலிருந்து விழுந்த அறைகளுக்குக் கணக்கில்லை.

அது கார் ஷெட். கார் வாங்கும் யோகம் அந்த வீட்டுக்கு வராததால் அண்ணனின் கிட்டாரும் தம்பியின் குரலும் ஒரு டிரம் செட்டும் அங்கே குடியேறியிருந்தன. ஷட்டரை இறக்கினால் தெருவுக்கு நிம்மதி. உள்கதவைத் திறந்தால் சமையலறை.

ஆறு வருடங்களுக்கு முன் இங்கேதான், உத்தரத்திலிருந்து ஒற்றை மைக்கைத் தொங்கவிட்டு, முதல் பாட்டை ஒரே மூச்சில் பதிவு செய்தார்கள். தாளம் தப்பிய தம்பியை அண்ணன் பாட்டு நடுவிலேயே எட்டி உதைத்தான். ஆம்ப்ளிஃபயர் போட்ட இரைச்சலில் அப்போது எதுவும் காதில் விழவில்லை. டேப்பைப் போட்டுக் கேட்டபோதுதான் முடிவில் அந்த அலறல் இருந்தது.

அந்த அலறல்தான் அவர்களுக்குச் சோறு போட்டது. மெருகு என்றால் என்னவென்றே தெரியாத முரட்டு ராக். ஊர் ஊராக வேனில் படுத்து, பீர் வாடை அடிக்கும் கூடங்களில் வாசித்தார்கள். ‘கடைசி வார்த்தையைப் பாடிக்கொண்டே அலறுகிறான், ஒரே தொண்டையில் இரண்டு குரல்’ என்று பத்திரிகைக்காரர் ஒருவர் உருகி உருகி எழுதினார்.

மேடையில் அது ஒருநாளும் சரியாக வந்ததில்லை. உதைத்தால் வரும் என்பது அண்ணனின் கண்டுபிடிப்பு. அதனால் ஒவ்வொரு கச்சேரிக்கு முன்னும் தம்பிக்குப் பூசை நடக்கும். கலை வளர்த்த லட்சணம் இது.

இப்போது பெரிய கம்பெனி ஒன்று அந்தப் பாட்டைப் புதிதாகப் பதிவு செய்து தரச் சொல்லிக் கேட்கிறது. அதே ஷெட், அதே ஒற்றை மைக், அதே அலறல். இன்று மாலைக்குள் கொடுக்காவிட்டால் ஒப்பந்தம் வேறு குழுவுக்குப் போய்விடும். அம்மா இருந்தால் அடிக்க விடமாட்டாள் என்று, அவள் வேலைக்குப் போகும் பகலாகப் பார்த்து அண்ணன் நாள் குறித்திருந்தான்.

“அண்ணே, சத்தியமா சொல்றேன். அன்னிக்கு நான் கத்தினதாவே எனக்கு ஞாபகம் இல்ல.”

“நீ கத்தலன்னா பேய் வந்து கத்திட்டுப் போச்சா?” அண்ணன் அவன் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினான். புருவம் கிழிந்தது.

மூன்று வருடமாக டிரம் வாசிக்கும் பெரியப்பா மகள் குச்சிகளைக் கீழே போட்டாள். “போதும்டா. செத்துகித்துப் போனான்னா யாரு பாடறது?”

“ஆறு வருஷம் நாயா அலைஞ்சாச்சுக்கா. இன்னிக்கு விட்டா இந்த ஷெட்டுலயே மக்கிப்போக வேண்டியதுதான். குச்சிய எடு.”

கம்பெனி அனுப்பிய ஒலிப்பதிவுக்காரர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். “உங்க குடும்ப விஷயத்துல நான் தலையிடல. எனக்குச் சத்தம் வந்தாப் போதும்” என்று சொல்லிக் கண்ணை மூடிக்கொண்டார். நல்ல மனுஷர்.

பதினெட்டாவது முறை. கிட்டார் அறுத்தது, டிரம் இடித்தது, ஷட்டர் தடதடவென்று ஆடியது. தம்பிக்கு வைராக்கியம் வந்துவிட்டது. கொன்றாலும் கத்துவதில்லை என்று கடைசி வார்த்தையைப் பிடித்து இழுத்தான்.

அண்ணன் பூட்ஸ் காலால் விலாவில் உதைத்தான். தம்பி மண்டியிட்டுச் சரிந்தான், பாட்டை விடவில்லை. இன்னொரு உதை. அப்போதும் விடவில்லை. வெறி ஏறிப்போன அண்ணன் கிட்டாரைக் கழற்றி, இரண்டு கையாலும் தம்பியின் தலைக்கு நேரே ஓங்கினான்.

ஷெட்டைக் கிழித்துக்கொண்டு எழுந்தது அலறல்.

ஓங்கிய கை அந்தரத்தில் நின்றது. தம்பி இன்னும் கடைசி வார்த்தையைத்தான் இழுத்துக்கொண்டிருந்தான். அண்ணன் மெல்லத் திரும்பிப் பார்த்தான். வேலையிலிருந்து பாதியில் திரும்பிய அம்மா, சமையலறைக் கதவைத் திறந்தபடி, தலையில் கை வைத்து நின்றாள்.

ஒலிப்பதிவுக்காரர் கண்ணைத் திறக்காமலேயே கட்டைவிரலை உயர்த்தினார்.

“இதேதான். பழைய டேப்புல இருக்கிற அதே குரல்.”