மலட்டுக் கொடி

அரிவாளை வேலிக்கு வெளியே, மணலில் குத்திவைத்தார்.

மச்சான் வீட்டு வாசலில் கையும் அரிவாளுமாகப் போய் நின்றால் என்ன ஆகும்? அதுவும் இருபத்திரண்டு வருஷம் கழித்து.

பழக்கதோஷம். வீட்டைவிட்டுக் கிளம்பினாலே அரிவாள் தானாகக் கைக்கு வந்துவிடும். செம்மணல் தேரியைச் சுற்றியிருக்கிற நாலு ஊருக்கும் வேலி கட்டிய கை அது.

முள்ளை அடுக்கிக் கொடியால் இறுக்க வேண்டும். காட்டுத் திராட்சைக் கொடி மாதிரிக் கயிறு வேறு கிடையாது.

காய்க்கிற கொடியில் அவர் கைவைத்ததே இல்லை. பாவம் அல்லவா? சும்மா பூத்து உதிர்த்துவிட்டு, ஒரு காய்கூடத் தராமல் நிற்கும் பாருங்கள், மலட்டுக் கொடி. அதைத்தான் தேடித் தேடி வெட்டினார்.

அவர் அப்பாவும் அப்படித்தான். அப்பாவுக்கு அப்பாவும்.

ஆடி பிறந்தால் செம்மணல் மேடெல்லாம் கருநீலமாகப் பழுத்துக் கிடக்கும். மனைவி லிங்கக்கனி மடி நிறையப் பறித்து வருவாள். கருப்பட்டி போட்டுக் கிண்டலாம் என்பாள். அடுப்பு மூட்டுவதற்குள் பாதி காலி. புளிப்பில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு சிரிப்பாளே, அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் நாலு குலை தேடிப் போவார். கூடவே அவள் அண்ணன் சுயம்புலிங்கமும்.

மூன்று பேர் நாக்கும் ஒரே நிறம்.

இப்போது அவள் இல்லை. தேரியில் மிச்சம் ஒரே ஒரு கொடி. முன்பு காய்த்த கொடிதான்; பத்து வருஷமாகப் பூக்கிறது. காய்க்கவில்லை.

காலையில்தான் கல்லூரியிலிருந்து ஜெபசெல்வி வந்தாள். செடிகொடி ஆராய்ச்சி அவளுக்கு. பூவைக் கண்ணாடி வைத்துப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, இது பொம்பளைக் கொடி. ஆம்பளைக் கொடி தனியா நிக்கும். பூக்கும், காய்க்காது. அதோட பூந்தூள் இதுல படணும். எங்கயாவது ஒண்ணு இருக்கா? இன்னைக்கே வேணும், பூ தாங்காது."

பூக்கும். காய்க்காது.

அவர் மணலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கட்டிய வேலிகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். அவர் அரிவாள் போகாத வேலி ஊரில் ஒன்றுதான்.

சுயம்புலிங்கம் தன் மகனுக்கு இவர் மகளைப் பெண் கேட்டு வந்தபோது, 'படிச்ச பிள்ளைய உப்பளத்துக்காரனுக்கா குடுப்பேன்?' என்றவர் இவர். அன்றோடு பேச்சு நின்றது. தங்கச்சி சாவுக்கு வந்து கோடி போட்டபோதுகூட சுயம்புலிங்கம் இவர் முகத்தைப் பார்க்கவில்லை.

படல் திறந்தது. சுயம்புலிங்கத்தின் கண் முதலில் அரிவாளுக்குத்தான் போயிற்று.

"என்னவே, வெட்டவா வந்தீரு?"

"இல்ல மச்சான். மாப்பிள்ளை கேட்டு வந்திருக்கேன்."

கை வேலியைக் காட்டியது. பிறகு விஷயத்தைச் சொன்னார்.

வேலி எங்கே இருக்கிறது! கொடி அதை மூடி, தொழுவத்தின் மேல் ஏறி, வேம்பைப் பிடித்திருந்தது. தொட்டால் உதிரும் பூ. கிட்டப் போனால் லேசாக ஒரு வாசம்.

சுயம்புலிங்கம் உதிராமல் ஒரு பூங்கொத்தைக் கிள்ளி எடுத்தார்.

"நாம பேசாமக் கெடந்ததுல இது ஒண்ணாவது பொழச்சிட்டு" என்றார். துண்டை உதறித் தோளில் போட்டார். "மாப்பிள்ளை வீட்டுக்காரன் வராம எப்படிவே?"

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது தேரியில் காற்று கிளம்பியிருந்தது. மணல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜெபசெல்வி பூங்கொத்தை வாங்கி உள்ளங்கையில் பொத்திக்கொண்டாள். காற்றுக்கு முதுகு கொடுத்து மச்சான்மார் இருவரும் கொடியடியில் உட்கார்ந்தார்கள். நடுவில் ஒரு சாண் இடைவெளி.

அந்த ஒரு சாண் வழியாகக் காற்று புகுந்தது. தூளில் பாதி பறந்தது.

"இன்னும் கொஞ்சம் நெருங்கி உக்காருங்க."

இருவரும் தரையைப் பார்த்தார்கள்.

யார் முதலில் நகர்ந்தது, தெரியவில்லை.

கொடியடியில் மட்டும் காற்று நின்றது.